தீவுக்குச் சென்ற தண்ணீர்



ஜூபிலி மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுத வேண்டும் என்று மலர்க் குழுவினர் நம்மைக் கேட்டபோது, ஆலயம் எழும்பிய வரலாற்றையே நாம் எழுதுவோம் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அவ்வரலாற்றைப் பங்கின் மூத்தவர்கள் இம்மலரின் மற்றப் பக்கங்களில் எழுதுகின்றனர். நாமோ தண்ணீரின் வரலாற்றை எழுத முற்படுகிறோம். அதுவும் நம் ஊர்த் தண்ணீரை அல்ல, கடல் நடுவே வாழும் தீவு மக்களின் குடிதண்ணீரைப் பற்றி. துவாக்குடிக்கும் தீவுகளுக்கும் என்ன தொடர்பு என்று வினவுவோருக்குக் காரணத்தை முதலிலேயே கூறிவிடுவது நல்லது.

2024-ஆம் ஆண்டுக் கோடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மேட்டூர் அணையில் நீர் போதாமையால் வழக்கமான ஜூன் 12-ஆம் நாள் அணை திறக்கப்படவில்லை. ஜூலை மாத இறுதியில்தான் திறக்கப்பட்டது. அந்நாட்களில் பங்குப் பேரவைக் கூட்டத்தில், கூட்டப் பொருளில் இல்லாத பேச்சு ஒன்று எழுந்தது. ஒரு பெரியவர் மனம் நொந்து சொன்னார்: "சாமி, காவிரியே மணலாக் கிடக்குது. இதுல ராமநாதபுரம், ராமேஸ்வரம் வரைக்கும் குழாய் போட்டுத் தண்ணியைக் கொண்டு போறாங்க. நமக்கு மிஞ்சினதுக்கு அப்புறம்தானே அடுத்தவங்களுக்கு?"

கூட்டத்தில் பலர் தலையசைத்தனர். அப்போது இராமேஸ்வரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் பிறந்து, நம் பங்கில் வாழ்க்கைப்பட்ட ஒரு சகோதரி எழுந்தார். "ஐயா, கோவிச்சுக்காதீங்க. நான் சின்னப் பிள்ளையா இருக்கையில விடியுமுன்ன எழுந்து மணல்ல ஊத்துத் தோண்டுவோம். சிரட்டையால மொண்டு மொண்டு ஊத்தினாத்தான் ஒரு குடம் நெறையும். கொஞ்சம் ஆழமாத் தோண்டிட்டா உப்பு ஏறிரும். அந்த ஒரு குடத்துக்கு எங்க அம்மா எத்தனை பேர்கிட்ட சண்டை போட்டிருக்காங்க தெரியுமா?" என்றார். அதற்குமேல் அவரால் பேச இயலவில்லை. பெரியவரும் மறுமொழி கூறவில்லை. கூட்டம் வேறு பொருளுக்குச் சென்றது.

அன்று நாமும் ஒன்றும் கூறவில்லை. கூற வேண்டியதைச் சரியாக அறிந்திருக்கவில்லை என்பதே உண்மை. அந்தக் கேள்விக்குரிய விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

சவேரியாரின் தோணிகள்

தீவில் தவித்த மக்களுக்குத் தண்ணீர் கொண்டுசென்ற வரலாறு நம் தமிழகத் திருச்சபையில் 1544-ஆம் ஆண்டிலேயே உள்ளது. இதனைக் குருமடத்தில் பயின்ற காலத்தில் நாம் படித்தோம். பரீட்சைக்குப் பின் மறந்தும் போனோம்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கு வாழ்ந்த பரதவ மக்கள் சில ஆண்டுகளுக்கு முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். 1544-இல் விஜயநகரப் பேரரசின் படையினரான வடுகர் தென்கடற்கரை ஊர்களைச் சூறையாடினர். கன்னியாகுமரிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வீடு வாசலை விட்டுக் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறித் தஞ்சம் புகுந்தனர். சுற்றிலும் கடல், குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. பசியாலும் தாகத்தாலும் மக்கள் மடிகின்றனர் என்ற செய்தி மணப்பாட்டில் இருந்த சவேரியாருக்கு எட்டியது.

அவர் 20 தோணிகளைத் திரட்டிக்கொண்டு அன்றிரவே புறப்பட்டார். ஆனால் எதிர்க்காற்று கடுமையாக வீசியது. துடுப்பு வலித்தும் பயனில்லை, கயிறு கட்டி இழுத்தும் பயனில்லை. தோணிகள் குமரிமுனையை அடைய முடியாமல் திரும்பின. இந்தத் தோல்வியைத் தம் உடன்பணியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில் அவர் மறைக்கவில்லை. அதோடு விட்டுவிடவும் இல்லை. பின்னர் தரைவழியாகக் குமரிமுனைக்குச் சென்று அம்மக்களைச் சந்தித்தார்.

அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடியிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அங்கும் தாக்குதல் நடந்து, மக்களும் போர்த்துக்கீசியத் தலைவரும் எதிரே இருந்த தீவுகளுக்கு ஓடினர். சவேரியார் மன்சிலாசுக்கு அவசரக் கடிதம் அனுப்பினார். புன்னைக்காயலில் உள்ள தோணிகளைத் திரட்டி, உணவையும் முக்கியமாகக் குடிதண்ணீரையும் ஏற்றிக்கொண்டு உடனே செல்லுமாறு பணித்தார். இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்தத் தலைவரின் நடத்தையைக் குறித்து அதற்கு முன் கடுமையாகக் குறை கூறி வந்தவர் சவேரியாரே. ஆயினும் தாகத்தில் தவிப்பவர் நல்லவரா, நமக்கு வேண்டியவரா என்று விசாரித்துக்கொண்டு அவர் நிற்கவில்லை. தண்ணீர் முதலில் போய்ச் சேரட்டும், வழக்கு பிறகு என்பதே அவர் முறை.

தீவின் அடியில் உள்ள நீர்

தீவுகளில் தண்ணீர் ஏன் இவ்வளவு அரிது? நமக்குத் தீவு என்றால் ஸ்ரீரங்கம்தான் கண்முன் நிற்கும். முக்கொம்பில் பிரிந்த காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் நன்னீராய் ஓடும் ஆற்றிடைத் தீவு அது. எங்கே தோண்டினாலும் ஊறும். கடல் தீவின் கதையே வேறு.

இராமேஸ்வரம் தீவு பவளப் பாறையும் மணலும் சேர்ந்து அமைந்தது. அங்கே ஆறு இல்லை. வானத்திலிருந்து விழும் மழையே மூலதனம். பெய்த மழை மணலுக்குள் இறங்குகிறது. மணலின் அடியிலோ கடல்நீர் உள்ளது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே அது உப்புநீரின்மேல், தயிரின்மேல் ஆடை படிவதுபோல், மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்று கணக்கிட்டுள்ளனர். ஹாலந்து நாட்டில் ஒருவரும் ஜெர்மனியில் ஒருவரும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தனித்தனியே கண்டறிந்த விதி இது.

இந்த விதியில் ஒரு வரமும் உண்டு, ஓர் எச்சரிக்கையும் உண்டு. மேலே 1 அடி சேர்ந்தால் கீழே 40 அடி சேரும். ஆனால் மோட்டார் வைத்து இறைத்து மேலே 1 அடி குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். "ஆழமாத் தோண்டிட்டா உப்பு ஏறிரும்" என்று நம் சகோதரி சொன்னாரே, அதையேதான் அறிஞர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். தீவுப் பெண்கள் சிரட்டையால் மொண்டது வறுமையால் மட்டும் அன்று. மெல்ல மெல்ல எடுத்தால் மட்டுமே நன்னீர் கிடைக்கும் என்ற அறிவினாலும் ஆகும்.

அத்தீவின் முன்னோர் இந்த அறிவைப் போற்றினர். இராமநாதசுவாமி கோவிலுக்குள் 22 தீர்த்தங்கள் உள்ளன. கோவிலுக்கு வெளியேயும் பல உள்ளன. தங்கச்சிமடத்துக்கு அருகே கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறும் வில்லூண்டி தீர்த்தம் உள்ளது. நம் இந்துச் சகோதரர்கள் இவற்றைப் புனிதமாகக் கருதி நீராடுகின்றனர். மழைநீரைத் தேக்கி மணலுக்குள் இறக்கும் இக்குளங்களில் பல காலப்போக்கில் தூர்ந்தன. கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்தைச் சேர்ந்த இயற்கைவள மேம்பாட்டு அமைப்பினர் அண்மை ஆண்டுகளில் அவற்றைத் தேடிக் கண்டுபிடித்துத் தூர்வாரி வருகின்றனர். எவர் செய்தாலும் நற்செயல் நற்செயலே. தீவுக்கு உதவுவது என்பது வெளியிலிருந்து கொண்டுபோய்க் கொடுப்பது மட்டுமன்று, அவர்களிடமே உள்ளதைக் காப்பதும் ஆகும் என்பதற்கு இது சான்று.

கடல் ஏறும் காலம்

1964 டிசம்பர் 22-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளுடன் வந்துகொண்டிருந்த ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. ரயில் நிலையமும் தபால் நிலையமும் ஆலயமும் இடிந்து நிற்பதை இன்றும் காணலாம். மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் சில அங்கே திரும்பிவந்து, கடலுக்குச் சில அடி தூரத்திலேயே மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்து வாழ்ந்தன.

புயல் ஓரிரவில் செய்ததைக் கடல் இப்போது மெல்லச் செய்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதன் வெளியிட்ட புகையால் பூமி சூடாகி, பனிமலைகள் உருகுவதும் கடல்நீர் வெப்பத்தால் விரிவதும் இதற்குக் காரணம். 20 சென்டிமீட்டர் என்றால் ஒரு சாண் அளவுதானே என்று தோன்றும். ஆனால் மேலே 1 அடிக்குக் கீழே 40 அடி என்ற கணக்கில் வாழும் தீவு மக்களுக்கு ஒரு சாண் என்பது சிறிய அளவன்று.

இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் இருந்தன. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு தேய்ந்து சிறுத்துவிட்டது. அதைக் காக்கச் செயற்கைப் பவளத்திட்டுகள் கடலில் இறக்கப்பட்டுள்ளன. பவளப்பாறையை வெட்டியெடுத்த நம் பேராசைக்கும் இதில் பங்கு உண்டு.

மழையும் முறை தவறிவிட்டது. 2016-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி மாவட்டங்களாக அறிவிக்கப்பட்டன. அதே தமிழகத்தில் 2024 நவம்பர் 20-ஆம் நாள் இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி வீதிகள் வெள்ளக்காடாயின. அந்த நீரில் பெரும்பகுதி மணலில் இறங்கும் முன்பே கடலில் கலந்தது. பெய்யாமல் கெடுப்பதும் மழை, பெய்து கெடுப்பதும் மழை என்றாயிற்று.

காவிரி கடல் கடந்தது

இத்தகைய நிலையில்தான் இராமநாதபுரம் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ரூ.616 கோடிச் செலவில் நிறைவேற்றப்பட்டு 2009-இல் பயன்பாட்டுக்கு வந்த இத்திட்டம், திருச்சிக்கு அருகே காவிரிப் படுகையில் எடுக்கும் நீரைப் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்கிறது. 5 நகராட்சிகளும் 3,000-க்கும் மேற்பட்ட ஊரகக் குடியிருப்புகளும் இதனால் பயன்பெறத் திட்டமிடப்பட்டது. அந்நகராட்சிகளுள் ஒன்று இராமேஸ்வரம். 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம் குழாய்வழி சென்று, பாம்பன் நீரிணையையும் கடந்து, நம் காவிரி அத்தீவை அடைகிறது.

ஆற்றில் நீர் ஓடாத காலத்திலும் நீர் எடுப்பது எப்படி என்று சிலர் கேட்பதுண்டு. ஆற்று மணலுக்குள் பெரிய உறைகிணறு இறக்கி, அதன் அடியிலிருந்து நாற்புறமும் படுக்கைவாட்டில் துளையுள்ள குழாய்களை மணலுக்குள் செலுத்துகின்றனர். மணலில் தங்கியுள்ள நீர் வடிகட்டப்பட்டு அக்குழாய்கள் வழியாகக் கிணற்றில் சேருகிறது. அங்கிருந்து மோட்டாரால் ஏற்றுகின்றனர். நமது திருச்சி நகருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் குடிநீர் கிடைப்பது இத்தகைய கிணறுகளால்தான். ஆகவே நம் வீட்டுக் குழாயில் வருவதும், தங்கச்சிமடத்துப் பெண்மணியின் குடத்தில் விழுவதும் ஒரே மணலில் ஊறிய நீர்.

இத்திட்டத்தால் தீவின் துயரம் தீர்ந்துவிட்டது என்று கூறுவது உண்மையாகாது. கடைக்கோடி ஊர்களுக்கு நீர் நாள்தோறும் சென்று சேர்வதில்லை; குழாய் உடைப்பும் மின்தடையும் உண்டு; லாரித் தண்ணீரும் விலைக் குடமும் மறையவில்லை. குழாயின் கடைசிமுனையில் இருப்பவனுக்கு முதல்முனையில் இருப்பவனின் நேர்மையே தண்ணீர்.

உலகத் தீவுகளில்

வேறு தீவுகளிலும் இதே தவிப்பு உண்டு. உதவியும் பல வடிவில் வந்திருக்கிறது.

அரபிக்கடலில் உள்ள இலட்சத்தீவுகளுக்குச் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் புதிய முறை ஒன்றைக் கொண்டுசென்றது. பாய்லர் செய்யும் ஊருக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இம்முறை எளிதில் விளங்கும். கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 28 டிகிரி வெப்பத்தில் உள்ளது. காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்த கலத்தினுள் அதைச் செலுத்தினால், அந்த வெப்பத்திலேயே அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிர்விக்க, நன்னீர் கிடைக்கிறது. கவரத்தித் தீவில் தொடங்கிய முதல் நிலையம் நாளொன்றுக்கு 1 லட்சம் லிட்டர் தந்தது. 2011-இல் மினிக்காய், அகத்தி தீவுகளிலும், பின்னர் மேலும் சில தீவுகளிலும் நிலையங்கள் அமைந்தன. ஆனால் பம்புகளை ஓட்ட மின்சாரம் வேண்டும். அம்மின்சாரத்துக்கு டீசல் வேண்டும். டீசல் புகையே கடலை உயர்த்தும் காரணங்களுள் ஒன்று. ஆதலால் கடலின் வெப்ப வேறுபாட்டிலிருந்தே மின்சாரமும் எடுக்க முயன்று வருகின்றனர்.

மாலத்தீவின் தலைநகரான மாலே முழுவதும் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிக்கிறது. 2014 டிசம்பர் 4-ஆம் நாள் அந்நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஒரே நாளில் தண்ணீரின்றித் தவித்தனர். நம் நாட்டு விமானங்கள் தண்ணீரை ஏற்றிச் சென்றன. நன்னீர் ஆக்கும் வசதியுள்ள ஐ.என்.எஸ். சுகன்யா கப்பலும் விரைந்தது. சவேரியாரின் 20 தோணிகள் நம் நினைவுக்கு வருகின்றன அல்லவா? பசிபிக் கடலில் ஏறத்தாழ 10,000 பேர் வாழும் டுவாலு நாடும் 2011-இல் மழை பொய்த்ததால் அவசரநிலை அறிவித்தது. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிக்கும் மக்கள் அவர்கள். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் செஞ்சிலுவைச் சங்கமும் உதவி அனுப்பின.

நம் தொப்புள்கொடி உறவினர் வாழும் யாழ்ப்பாணத்திலும் ஆறு இல்லை. சுண்ணக்கல் நிலத்தில் தங்கும் மழைநீரே ஆதாரம். நெடுந்தீவு போன்ற தீவுகளில் பல கிணறுகள் உவராகிவிட்டன. 2024 ஆகஸ்டில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் பெரிய நிலையம் திறக்கப்பட்டது. அதன் கழிவு உப்பு கடலில் கலந்தால் மீன்வளம் கெடும் என்று அப்பகுதி மீனவர் முன்னரே அஞ்சிக் குரல் எழுப்பினர். ஒருவர் தாகத்தைத் தீர்க்கும்போது மற்றொருவர் பிழைப்பையும் எண்ண வேண்டியுள்ளது.

கத்தோலிக்கராகிய நமக்கு மிக நெருங்கிய தீவு கச்சத்தீவு. 285 ஏக்கர் பரப்புள்ள அத்தீவில் குடிநீர் இல்லை. ஆதலால் குடியிருப்பும் இல்லை. இராமநாதபுரம் கரையைச் சேர்ந்த மீனவர் ஒருவர் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே புனித அந்தோனியாருக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார். 1974-இல் அத்தீவு இலங்கைக்கு உரியதாயிற்று. போர்க்காலத்தில் தடைப்பட்டிருந்த திருவிழா மீண்டும் தொடங்கியது. 2016-இல் புதிய ஆலயமும் எழுந்தது. இருநாட்டுத் தமிழரும் அங்கு ஒன்றுகூடும்போது, செபமாலையோடு குடிதண்ணீரையும் சுமந்து செல்கின்றனர். எல்லையைப் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்க, திருப்பலி முடிந்தபின் அருகில் அமர்ந்திருப்பவர் எந்நாட்டவர் என்று பாராமல் தண்ணீர்ப் பாத்திரத்தை நீட்டுவதை நாம் அங்கே நேரில் கண்டிருக்கிறோம்.

நாமும் கொணர்ந்த நீரால் வாழ்பவர்களே

இனி அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். அவரைத் தன்னலக்காரர் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. அவர் தம் பேரப்பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டார். அவர் கவலை நியாயமானதே. ஆனால் அவர் கேள்வியில் ஒரு பிழை உண்டு. காவிரி நமக்கு உரியது, மிஞ்சினால் பிறருக்கு என்பது அக்கேள்வியின் அடிப்படை.

துவாக்குடி காவிரிக் கரையில் உள்ள ஊர் அன்று. இது மேட்டுநிலம், கல்லும் சரளையும் நிறைந்த மண். பெட்டவாய்த்தலை அருகே காவிரியில் பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், திருச்சி நகரைக் கடந்து நெடுந்தூரம் வந்து, நம் பக்கத்து வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிகிறது. இராசராச சோழனின் பட்டப்பெயரைத் தாங்கிய வாய்க்கால் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஆற்றங்கரையில் இருந்த ஊரார் "எங்களுக்கு மிஞ்சினால்தான் மேட்டுக்காட்டுக்கு" என்று சொல்லியிருந்தால், நம் பக்கத்து வயல்கள் ஏது? பின்னர் பெல் தொழிற்சாலையும், பொறியியல் கல்லூரியும், சிறுதொழிற்கூடங்களும் இங்கே வந்தபோது நம்மில் பலர் பல மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினோம். வந்தவர்க்கும் காவிரி நீர் கிடைத்தது. நாமும் எவரோ கொண்டுவந்து கொடுத்த நீரால் வாழ்பவர்களே. வாங்கிய கையே கொடுக்கவும் கடமைப்பட்டது.

திருவிவிலியத்தில் தாவீது அரசரைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று சாமுவேல் இரண்டாம் நூலில் உள்ளது. போர்க்காலத்தில் அவர் பெத்லகேம் கிணற்று நீருக்கு ஏங்கினார். மூன்று வீரர்கள் எதிரிப் பாசறையைக் கடந்து உயிரைப் பணயம் வைத்து அந்நீரைக் கொண்டுவந்தனர். தாவீது அதைக் குடிக்கவில்லை. பிறர் உயிர்விலை கொண்ட நீர் என்று அஞ்சி ஆண்டவருக்கே வார்த்துவிட்டார். நாம் குழாயைத் திறக்கும்போது வரும் நீரிலும் பிறர் தாகத்தின் விலை கலந்துள்ளது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவ்தாத்தோ சீ' சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதர் ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று போதித்தார். உரிமை என்றால் மிச்சத்தில் கொடுப்பதன்று. பங்கிலேயே சேர்த்து வைப்பது.

ஆற்று மணலைக் குறித்தும் இங்கே கூறியாக வேண்டும். மணல் இருக்கும்வரைதான் உறைகிணற்றில் நீர் ஊறும். மணலை அள்ளிவிட்டால் வெள்ளம் வந்தாலும் தங்காது. 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் 9 மதகுகள் உடைந்து, வந்த நீர் கடலுக்குப் போனதை நாம் கண்ணால் கண்டோம். திருட்டு மணலில் வீடு கட்டுகிறவர், இராமேஸ்வரத்துக் குழந்தையின் குவளையில் கைவைக்கிறார் என்றே நாம் கருதுகிறோம். பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கையில் இதனையும் சிந்திப்பது நலம்.

ஜூபிலிக் குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, நம் ஆலயக் கூரையில் விழும் மழைநீர் முழுவதும் வளாகக் கிணற்றுக்கருகே நிலத்தில் இறங்கும்படி செய்வோம். 2003-இல் அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பலர் வீடுகளில் அமைத்த தொட்டிகள் இன்று மண்மூடிக் கிடக்கின்றன. அவற்றையும் அன்பியங்கள் தோறும் பார்த்துச் சீர்செய்வோம். இரண்டாவது, குழாய் உடைந்து நீர் தெருவில் ஓடக் கண்டால், அது நம் தெரு அன்று என்று கடந்துபோகாமல் உரியவர்க்கு உடனே அறிவிப்போம். மூன்றாவது, ஜூபிலி வாணவேடிக்கைக்கு என்று ஒதுக்கியுள்ள தொகையை அப்படியே இராமேஸ்வரம் தீவின் ஒரு பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி கட்டக் கொடுப்போம். வாணம் ஒரு நொடியில் கரியாகும். தொட்டி ஒவ்வொரு ஐப்பசியிலும் நிறையும்.

மூன்றாவது வேண்டுகோளைப் பேரவையில் நாம் வாய்மொழியாகச் சொன்னபோது, முதலில் கைதூக்கி ஆதரித்தவர் அந்தப் பெரியவரே. "சாமி, வேட்டு இல்லாட்டி விழா நடக்காதா என்ன? ஆனா தொட்டியில நம்ம பங்கு பேரு எழுத வேணாம். தண்ணிக்குப் பேரு எதுக்கு?" என்றார். கூட்டத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்த தங்கச்சிமடத்துச் சகோதரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் கண்டோம்.

யாக்கோபின் கிணற்றருகே களைத்து அமர்ந்து, சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்ட நம் ஆண்டவர், இன்று கடல் சூழ்ந்த தீவுகளில் இருந்தும் கேட்கிறார். மழையைத் தரும் தந்தை நம் காவிரியை நிறைப்பாராக. நிறைந்ததைப் பகிர்ந்துகொள்ளும் மனத்தையும் நமக்குத் தந்தருள்வாராக.

உங்கள் அனைவருக்கும் நம் ஜூபிலி ஆசீர்.

— பங்குத்தந்தை, துவாக்குடி